நீலத்துக்கு வந்த குணங்கள்

1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை நாம் விவேகானந்தருக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அவர் பேசிய சர்வமத மகாசபை அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்தது. அதே கண்காட்சியில் உளவியலுக்கென்று ஒரு கூடமும் இருந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் ஜாஸ்ட்ரோ, அங்கே வந்தவர்களிடம் நிறங்களைக் காட்டி, மிகவும் பிடித்தது எது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சுமார் 4,500 பேர் பதில் தந்தார்கள். முதலிடம் நீலத்துக்குக் கிடைத்தது.

1941இல் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர், அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 21,060 பேரின் விருப்பங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார். நீலம், சிவப்பு, பச்சை, ஊதா, ஆரஞ்சு, மஞ்சள் என்று வரிசை அமைந்தது. அதற்குப் பிறகு வந்த கருத்துக்கணிப்புகளிலும் பெரும்பாலும் நீலமே முந்துகிறது.

இந்த முடிவிலிருந்து இரண்டு நம்பிக்கைகள் கிளைத்தன. நீலத்துக்கே இயல்பாக ஒரு குணம் உண்டு, அது அமைதியானது, ஆழமானது என்பது ஒன்று. 1810இல் நிறங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய கதே முதல் ஓவியர் காந்தின்ஸ்கி வரை பலர் இந்த வழியில் யோசித்திருக்கிறார்கள். நீலத்தை விரும்புகிறவரின் குணத்தை அந்த விருப்பத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பது இன்னொன்று. சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் லூஷர் 1947இல் எட்டு நிற அட்டைகளை வைத்து ஒரு சோதனையையே உருவாக்கினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை மற்ற உளவியல் சோதனைகளோடு ஒப்பிட்டபோது அது தேறவில்லை. ஆனாலும் வார இதழ்களின் ராசிபலன் பக்கத்துக்குப் பக்கத்திலேயே 'உங்கள் நிறம், உங்கள் குணம்' இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டையும் நான் ஏற்கவில்லை. நிறத்துக்கென்று பிறவிக் குணம் கிடையாது. அதைச் சுமந்த பொருள்களும், அவற்றைச் செய்தவர்கள், உடுத்தியவர்கள், உடுத்தக்கூடாது என்று விலக்கப்பட்டவர்களும் சேர்ந்துதான் ஒரு நிறத்துக்குக் குணம் கொடுத்தார்கள். நீலத்தின் வரலாறு இதை மற்ற எந்த நிறத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

கைக்குழந்தைகளிலிருந்து தொடங்கலாம். பேசத் தெரியாத குழந்தையின் விருப்பத்தை, எந்த நிறத்தை அது அதிக நேரம் பார்க்கிறது என்பதை வைத்து அளக்கிறார்கள். இங்கிலாந்தில் அன்னா ஃபிராங்க்ளினும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்கள் மிகவும் வெறுக்கும் கருமஞ்சளைத்தான் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு மிகவும் பிடித்த வெளிர்நீலத்தை மிகக் குறைந்த நேரமே பார்த்தார்கள். நீலத்தின் மீதான ஆசை கண்ணோடு கூடப்பிறந்ததாக இருந்தால் இப்படி ஆகியிருக்காது. பிறந்த பிறகு எங்கோ ஓரிடத்தில் அது நமக்குள் நுழைகிறது.

சமூகங்களின் கதையும் இதேதான். இன்று நீலத்தைக் கொண்டாடும் ஐரோப்பாவில் பழைய ரோமர்களுக்கு அது காட்டுமிராண்டிகளின் நிறம். கெல்டியரும் ஜெர்மானியரும் பூசிக்கொள்வதும் உடுத்துவதுமான நிறம் என்று அதைத் தள்ளிவைத்தார்கள். நீலக் கண்கூட அவர்களிடையே குறையாக எண்ணப்பட்டது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து மரியன்னையை நீல மேலாடையில் வரையத் தொடங்கினார்கள். பிரான்சின் அரசர்கள் அதைத் தங்கள் நிறமாக்கினார்கள். அதன் பிறகே அங்கே நீலத்தின் நிலை உயர்ந்தது. வரலாற்றாசிரியர் மிஷேல் பஸ்துரோ இந்த மாற்றத்தை 2000ஆம் ஆண்டில் ஒரு முழு நூலாகவே எழுதினார். இத்தனை நூற்றாண்டுகளில் வானம் நிறம் மாறவில்லை, கடலும் மாறவில்லை. மாறியவை ஆடையும் அதை அணிந்தவர்களின் தகுதியும்.

இந்த யோசனைக்கு அறிவியல் வடிவம் தந்தவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பால்மரும் கேரன் ஷ்லாஸும். 2010இல் வெளியான அவர்களுடைய ஆய்வின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழுவினரிடம் 32 நிறங்களைக் காட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் வாங்கினார்கள். இரண்டாம் குழுவினர் அந்தந்த நிறத்தைப் பார்த்ததும் நினைவுக்கு வந்த பொருள்களை எழுதித் தந்தார்கள். மூன்றாம் குழுவினர் நிறம் எதையும் பார்க்கவில்லை. அந்தப் பொருள்களின் பெயரைப் படித்து, ஒவ்வொன்றும் பிடிக்குமா பிடிக்காதா என்று மட்டும் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், பொருள்கள் மீதான விருப்பத்தை வைத்தே நிறங்கள் மீதான விருப்பத்தின் ஏற்றத்தாழ்வில் 80 சதவீதத்தை விளக்க முடிந்தது. தெளிந்த வானமும் சுத்தமான தண்ணீரும் நீலத்தை உயர்த்தின. மலமும் அழுகிய உணவும் பழுப்பையும் கருமஞ்சளையும் கீழே இழுத்தன.

அவர்களே அடுத்த ஆண்டு வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைவிட முக்கியமானது என்பேன். பெர்க்லியின் அடையாள நிறங்கள் நீலமும் பொன்மஞ்சளும். அதன் எதிரணியான ஸ்டான்ஃபோர்டுக்குச் சிவப்பும் வெள்ளையும். இரு பல்கலைக்கழக மாணவர்களையும் சோதித்தபோது, தத்தம் நிறங்களையே அதிகம் விரும்பினார்கள். பல்கலைக்கழகத்தின் மீது பற்று கூடக் கூட அந்த விருப்பமும் கூடியது. இங்கே வானத்துக்கும் தண்ணீருக்கும் வேலை இல்லை. ஒரு கூட்டத்தோடு சேர்ந்தோம் என்பதே ஒரு நிறத்தைப் பிடிக்கவைக்கப் போதுமானதாக இருக்கிறது.

ஆனால் இந்தக் கோட்பாடு எல்லா ஊருக்கும் பொருந்தவில்லை. நமீபியாவின் கிராமப்புறத்தில் கால்நடை வளர்த்து வாழும் ஹிம்பா மக்களிடம் நடந்த ஆய்வில், பிரிட்டிஷ்காரர்களின் விருப்பங்களுக்கும் அவர்களுடையவற்றுக்கும் பொதுவாக இருந்தது மிகக் கொஞ்சம். பொருள்கள் மீதான விருப்பம் நிறத்தின் மீதான விருப்பத்தோடு பிணையும் விதமும் வேறாக இருந்தது. பிடித்த நிறம் எது என்ற கேள்வியின் கீழ் உலகம் முழுவதும் ஒரே காரணம் ஓடுகிறது என்று இனிச் சொல்ல முடியாது.

பெர்க்லி ஆய்வில் எனக்குள்ள குறை வேறு. அங்கே பொருள்கள் வானம், தண்ணீர், பழம் என்று யாரும் செய்யாமல் தாமே கிடப்பவைபோல வருகின்றன. மனிதர்கள் உடுத்திய நீலத்தில் பெரும்பகுதி வானத்திலிருந்து வரவில்லை. ஒருவர் சாயம் காய்ச்சி, ஒருவர் தோய்த்து, ஒருவர் விற்று வந்தது. அந்தப் பக்கத்தைப் பார்க்கப் புதுச்சேரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் நெய்து, நீலம் தோய்த்து, புதுச்சேரியில் கப்பலேற்றிய ஒரு முரட்டுப் பருத்தித் துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் 'கினே' என்று அழைத்தார்கள். ஒரு துண்டு ஏறக்குறைய 16 மீட்டர் நீளம். அது பிரான்சின் போர்தோ துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆறு கடலில் கலக்குமிடத்திலுள்ள செயின்ட் லூயி நகரத்துக்குச் சென்றது. ஆற்றுக்கு வடக்கே சஹாரா ஓரத்தில் வாழ்ந்த மூர் இனத்தவர் வேல மரப் பிசினைச் சேகரித்து ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைய ஐரோப்பாவின் துணி அச்சுத் தொழிலுக்கு அந்தப் பிசின் இல்லாமல் முடியாது. பிசினுக்கு அவர்கள் கேட்ட விலை நீலத் துணி. இத்தனை பிசினுக்கு இத்தனை கினே என்று பேரம் நடந்தது. வெள்ளிக்காசு செய்யும் வேலையைத் தமிழ்க் கரையில் தோய்த்த துணி அங்கே செய்தது. அதே துணியைக் கொடுத்து அடிமைகளையும் வாங்கினார்கள் என்பதை இந்தக் கதையிலிருந்து விலக்கிவிட்டுப் பேச எனக்கு மனம் இல்லை.

மூர்கள் அந்தத் துணியைக் கண்ணால் மட்டும் மதிப்பிடவில்லை. தடவிப் பார்த்தார்கள், மினுக்கத்தைப் பார்த்தார்கள், மூக்கருகே கொண்டுபோய் மணத்தையும் பார்த்தார்கள். ஐரோப்பிய ஆலைகள் அதேபோல நெய்து, அதேபோல நீலம் போட்டு அனுப்பிய சரக்கு அங்கே எளிதில் எடுபடவில்லை. புதுச்சேரிச் சரக்கின் தரம் குறைந்துவிடக்கூடாது என்று பிரெஞ்சு அரசு 1843இல் ஆணையே பிறப்பித்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலங்களில் ஒன்றை வேண்டும் என்றும் மற்றதை வேண்டாம் என்றும் ஒரு பாலைவனச் சந்தை சொன்னது. நிற அட்டைகளைக் காட்டி நடத்தும் எந்தச் சோதனையிலும் இந்த வேறுபாடு அகப்படாது.

அந்த மணமும் மினுக்கமும் எங்கிருந்து வந்தன என்பதற்குச் சாயத் தொட்டியின் அருகே போக வேண்டும்.

நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணப் பச்சை. நீலத்தின் தடயமே இருக்காது. பூக்கும் பருவத்தை ஒட்டி செடியை அறுத்து, வாடுவதற்குள் கட்டுக்கட்டாகத் தொட்டியில் அடுக்கி, மேலே மரமும் கல்லும் பாரம் வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஓர் இரவு ஊறி நொதித்ததும் இலையிலிருந்த சத்து தண்ணீரில் இறங்குகிறது. மஞ்சளும் பச்சையுமாக மாறிய அந்த நீரைக் கீழ்த்தொட்டிக்கு வடித்து, ஆட்கள் உள்ளே இறங்கி மணிக்கணக்கில் காலாலும் கட்டையாலும் அடிப்பார்கள். காற்றுப் படப்பட நுரை பச்சையாகிப் பிறகு நீலமாகிறது. அடியில் படியும் சேற்றைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, வில்லைகளாக அறுத்து நிழலில் உலர்த்தினால் சாயக்கட்டி. வேலை முழுவதும் நாற்றத்தின் நடுவேதான்.

அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. சாயம் போடுகிறவர் அதை மண்ணில் புதைத்த தாழியில் சுண்ணாம்பு, உவர்மண் ஆகியவற்றோடு சேர்த்து மறுபடியும் புளிக்கவைக்க வேண்டும். தென்னிந்தியச் சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்தார்கள், புளிப்பு ஏறுவதற்கு. தாழி பக்குவப்பட்டதும் உள்ளிருக்கும் நீர் மஞ்சள்பச்சையாகத் தெளிகிறது. வெள்ளைத் துணியை முக்கி எடுத்தால் அதுவும் மஞ்சள்பச்சையாகவே வெளியே வரும். இரண்டு கைகளாலும் விரித்துக் காற்றில் பிடிக்கப் பிடிக்க, ஓரங்களிலிருந்து பச்சை ஏறி, பச்சை கறுத்து, சில நிமிடங்களுக்குள் துணி முழுக்க நீலம். இன்னும் கருநீலம் வேண்டுமானால் மறுபடி முக்க வேண்டும், மறுபடி காற்றில் பிடிக்க வேண்டும். எத்தனை தடவை தோய்த்தது என்பதைப் பழகிய கண் நிறத்தை வைத்தே சொல்லிவிடும்.

இந்தச் சாயம் நூலிழையோடு வேதியியல் முறையில் பிணைவதில்லை. நுண்துகளாக இழையின் மேலும் இடுக்கிலும் தங்கிவிடுகிறது. அதனால் தேயத் தேய உதிர்கிறது. நீல ஜீன்ஸ் முழங்காலில் வெளுப்பதும் இதே காரணத்தால்தான். புதுத் துணியின் நீலம் தோலில் ஒட்டும். சாயம் போகிறது என்று நாம் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். சஹாராவில் அதே ஒட்டுதல் பெருமை. அங்கே வாழும் துவாரெக் இன ஆண்களை வெளியார் நீல மனிதர்கள் என்று அழைத்தது, முக்காட்டின் சாயம் முகத்தில் படிந்ததைப் பார்த்துத்தான். சாயம் அதிகம் ஏறிய துணியை வாங்க வசதி உள்ளவர் இவர் என்று அந்த முகமே சொன்னது. மூர்களின் பிரியத்துக்குரிய நீலம் உடம்போடு ஒட்டி வாழ்ந்த நீலம்.

அந்த நீலத்தைச் செய்த ஊரில் அதற்கு வேறு நினைவு. 1820களின் இறுதியில் புதுச்சேரியில் தொடங்கிய சவானா ஆலை, பின்னாளின் சுதேசி ஆலை, இந்த வணிகத்தை ஒட்டி வளர்ந்தது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய அதன் தொழிலாளர்களில் 12 பேர் 1936 ஜூலை 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புதுச்சேரியில் அந்த நாளை இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

வங்கத்தின் கதை பரவலாகத் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் முன்பணம் கொடுத்து விவசாயிகளைக் கட்டிப்போட்டு நெல் விளையும் நிலத்தில் அவுரி போடவைத்தார்கள். 1859இல் நதியா மாவட்டத்தில் விவசாயிகள் மறுத்து எழுந்தார்கள். அடுத்த ஆண்டு அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன், மனித ரத்தக் கறை படியாமல் ஒரு பெட்டி நீலம்கூட இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததில்லை என்று ஒரு பிரிட்டிஷ் மாஜிஸ்டிரேட்டே சாட்சி சொன்னார். தீனபந்து மித்ராவின் 'நீல் தர்ப்பண்' நாடகம் அதே 1860இல் வந்தது. அதை ஆங்கிலத்தில் வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் பெற்றார். பீகாரின் சம்பாரணில் 20 கட்டா நிலத்தில் 3 கட்டா அவுரிக்கென்று விதித்திருந்தார்கள். அந்த விவசாயிகளுக்காகத்தான் 1917இல் காந்தி அங்கே போனார்.

இடையில் ஒன்று நடந்திருந்தது. ஜெர்மனியின் அடால்ஃப் ஃபான் பேயர் 1880இல் இந்தச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். 1897இல் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செடியிலிருந்து எடுத்த நீலம் உலகளவில் சுமார் 19,000 டன். 1914இல் அது 1,000 டன்னாகச் சுருங்கிவிட்டது. ஆலையில் வந்ததும் செடியில் வந்ததும் வேதியியலில் ஒரே மூலக்கூறு. ஆனாலும் இன்று விழுப்புரம், திண்டிவனம் பக்கம் விளைந்த அவுரியிலிருந்து எடுத்த நீலத்துக்கு வெளிநாட்டில் தனி விலை உண்டு. ஒருவர் அதிகப் பணம் கொடுத்து வாங்குவது செடி, மண், கை என்ற பின்னணியை. நான் அதைப் பகட்டு என்று ஒதுக்க மாட்டேன். செனகல் கரையில் துணியை முகர்ந்து பார்த்தவரும் அதைத்தான் தேடினார்.

நம் பழைய நூல்களில் நீலத்தைப் போற்றியவர்களும் உண்டு, விலக்கியவர்களும் உண்டு. சிறுபாணாற்றுப்படை, ஆய் என்னும் வள்ளல் தனக்குக் கிடைத்த நீல ஆடையை ஆலமர்ச் செல்வனுக்கு அளித்ததைப் போற்றிச் சொல்கிறது. தெய்வத்துக்கே சாத்தத் தகுந்த துணி. மனுதர்மமோ நெருக்கடியில் வணிகம் செய்ய நேரும் பிராமணர் விற்கக்கூடாத பொருள்களின் பட்டியலில், கள்ளுக்கும் அரக்குக்கும் நடுவே நீலச் சாயத்தை வைக்கிறது. நீலம் தோய்த்த ஆடையைத் தீட்டாகக் கருதும் ஸ்மிருதிகளும் இருக்கின்றன. திருமாலின் மேனியில் வணங்கப்படும் நிறம், தாழியிலிருந்து வந்து துணியில் ஏறும்போது தீட்டு. நொதிக்கும் தொட்டியின் நாற்றமும் அதில் இறங்கி வேலை செய்தவர்களின் சாதியும் இந்த விலக்குக்குப் பின்னால் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1942இல் நாகபுரியில் அம்பேத்கர் தொடங்கிய அட்டவணைச் சாதிகள் கூட்டமைப்பு நீலக் கொடியை ஏற்றது. ஏன் நீலம் என்பதற்கு மக்கள் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். வானத்தின் கீழ் எல்லாரும் சமம் என்பார்கள். 1885இல் கொழும்பில் உருவான பௌத்தக் கொடியின் முதல் பட்டை நீலம் என்பார்கள். அம்பேத்கர் அணிந்த நீலக் கோட்டைக் காட்டுவார்கள். எது முதற்காரணமாக இருந்தாலும், அதன் பிறகு நடந்தது நிற ஆய்வாளர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய ஒன்று. இனிமையான பொருள்கள் நிறையச் சேர்ந்து மெல்ல மெல்ல உருவான விருப்பம் இது இல்லை. ஒரு மக்கள் திரள் ஒரு நிறத்தைத் தனதென்று முடிவெடுத்து எடுத்துக்கொண்டது. அதன் பின் அந்த நிறத்தில் சிலைகள், கொடிகள், பாடல் மேடைகள், பதாகைகள் வந்தன. பா. ரஞ்சித் தன் பண்பாட்டு மையத்துக்கும் இதழுக்கும் 'நீலம்' என்று பெயர் வைத்தபோது தமிழ்நாட்டில் அதற்கு யாரும் பொழிப்புரை கேட்கவில்லை.

நம் ஊர்களில் அம்பேத்கர் சிலைகள் பலவற்றை இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். பேருந்தில் போகும்போது கம்பி வலைக்குப் பின்னால் அந்த நீலக் கோட்டின் தோளும், நீட்டிய விரலும், கையிலுள்ள சிவப்பு அட்டைப் புத்தகமும் துண்டுதுண்டாகத் தெரியும். சிலையை உடைக்கக்கூடியவர்கள் அதே ஊரில் இருக்கிறார்கள் என்ற அச்சம்தான் அந்தக் கூண்டைக் கட்டியது. ஒரே நீலத்தை ஒருவர் பார்க்கும்போது நெஞ்சு நிமிர்கிறது, இன்னொருவர் பார்க்கும்போது எரிகிறது.

தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு வண்ணத்தில் மணிக்கட்டுக் கயிறு கட்டும் வழக்கம் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 2023இல் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அந்த வகுப்பறைகளில் ஒரு பிள்ளையிடம் 'உனக்குப் பிடித்த நிறம் எது?' என்று கேட்பது சிகாகோ கண்காட்சியில் கேட்டதைப் போன்ற கேள்வியாக இருக்க முடியாது. எந்தத் தெரு என்று கேட்டதாகவே அது பிள்ளையின் காதில் விழலாம்.

நிற விருப்பத்தைப் பற்றிய முறையான களஆய்வு தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படி நடக்கும்போது ஊரிலும் காலனியிலும் வாங்கிய மதிப்பெண்களை ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்துவிடக் கூடாது. ஊரில் தாழ்ந்தும் காலனியில் உயர்ந்தும் வரக்கூடிய நீலம், சராசரியில் யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத, யாரும் வெறுக்காத ஒரு நடுத்தர நிறமாகத் தோன்றும். 21,060 பேரின் பட்டியலிலும் இப்படி எத்தனை தெருக்கள் ஒன்றாகக் கலந்துபோயினவோ, அதைப் பிரித்தெடுக்க இப்போது வழியில்லை. நாம் எடுக்கப்போகும் பட்டியலில் அவற்றைப் பிரித்தே வைக்க முடியும்.